ஸ்கோப் திரையில் விழாத எழுத்து

ஜூன் 2, 2025, திங்கள்

இன்று எழுத நிறைய இருக்கிறது. எல்லாம் நல்லது.

மூத்த பேரன் ஜெரிக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் பெரிய கிரேனைத் தனியாக ஓட்டச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் முப்பத்தொரு வருஷம் கீழே நின்று கொக்கி மாட்டினார். பேரன் மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறான். பேத்தி கரோலின் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருஷம், வகுப்பில் மூன்றாவது. முதல் இரண்டு பேரும் ஹாஸ்டல் பிள்ளைகள். வீட்டு வேலையும் செய்துகொண்டு மூன்றாவது வந்தால் அது முதலாவதுதான்.

அடுத்த பேத்தி ஜூடி. பாலிடெக்னிக் முடித்து, திருவொற்றியூரில் ஜெபசிங் அண்ணாச்சியின் மீட்டர் ரிப்பேர் பட்டறையில் நான்கு மாதமாக இருக்கிறாள். ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்று பேச்சு. அங்கே மேஜையில் உட்கார்ந்து ஈயம் உருக்கி ஒட்டும் சால்டர் பிடிக்கும் முதல் பெண் இவள்தான். முன்னால் வந்த பெண்கள் எல்லோரையும் வாசல் கவுண்டரில் டோக்கன் எழுதத்தான் வைத்தாராம்.

எழுதிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா சிலுவை, புள்ளிங்க பேரெல்லாம் எழுதிகினு கீற. ரேஷன் கார்டா?"

"ஆமா. இதுல ஒன் பேரு இல்ல. போய் டீயக் குடி."

ஜூன் 5, வியாழன்

ஜூடி முகம் இன்று வேறு மாதிரி. ருசி தெரியாமல் சாப்பிட்டாள்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழில் பயிற்சி நிலையம். அங்கே பழைய ஸ்கோப் பெட்டி பன்னிரண்டு இருக்கிறதாம். கம்பியில் மின்சாரம் எப்படி ஆடுகிறது என்பதைப் பச்சைக் கோடாகத் திரையில் காட்டும் பெட்டி. திரை உள்ளங்கை அகலம். கோட்டோடு சேர்த்து, எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம் என்பதை மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி எழுத்திலும் காட்டும். முதலில் ஒரு பெட்டியை அனுப்பியிருக்கிறார்கள். அது சரியானால் மீதி பதினொன்றும் அண்ணாச்சிக்கு.

அதை ஜூடி மேஜையில் வைத்து அண்ணாச்சி சொன்னாராம்: "இத நீ நேராக்கிட்டா ஆறு மாசம் காத்துக்கிட்டு இருக்க வேண்டாம், இந்த மேஜை உனக்குத்தான். ஆகலன்னா கவுண்டர்ல ஆள் வேணும், பாத்துக்க."

என் பேத்தி நேராக்குவாள். தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

வியாசர்பாடி வல்லரசு பதினைந்து ஜெர்சி கொண்டுவந்து போட்டான். ஞாயிற்றுக்கிழமை மேட்சாம். வல்லரசு ஜெரியோடு ஃபுட்பால் ஆடுகிறவன். பிழைப்புக்கு அந்தப் பயிற்சி நிலையத்திலேயே ஸ்டோர் கீப்பர். முதுகில் பேர் தைக்க எங்கே எங்கேயோ கம்ப்யூட்டர் மிஷின் வந்துவிட்டது. இவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள், என் எழுத்து துவைத்தால் சுருங்காது.

நான் ஐந்தாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் எனக்குத் தெரிந்தது ஜெர்சியில்தான்.

ஜூடி பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையையே பார்த்தாள். "ஆயா, அந்த ஸ்கோப்புல மேல் வரி எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு, இடது ஓரத்துல ஒரு முடிச்சாட்டம் கீது. கீழ் வரியும் அதே மாதிரி. இன்னொரு முடிச்சு."

"கோடு?"

"கோடு இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடி வரைக்கும் நல்லா ஓடுது. எழுத்து மட்டுந்தான். எழுத்து போடற சிப்பு போயிடுச்சு, அது இப்ப எங்கியும் கெடைக்காது, திருப்பி அனுப்புன்றாங்க பட்டறையில."

"எழுத்து கோணலா கீதா?"

"முடிச்சா கீது, எப்புடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அடுத்த ஜெர்சியை எம்பிராய்டரி ரிங்கில் மாட்டினேன். ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும், ரிங்கை நான் நகர்த்துவேன். எழுத்தின் வளைவுக்குச் சின்ன நகர்த்தல். ஒரு எழுத்து முடிந்ததும் ஊசியைத் தூக்கி, ரிங்கை ஒரே தள்ளாகத் தள்ளி அடுத்த எழுத்துக்கு இடம் விடுவேன்.

"ஆயா, நீ தள்ளாமயே தச்சா?"

"எல்லாம் ஒரே எடத்துல வுழும். துணி பாழு."

தட்டைக் கூடக் கழுவாமல் மாடிக்குப் போய்விட்டாள், ஏதோ படம் வரைய.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தெகொஸ்தே பூசை. வல்லரசு டீம் இரண்டுக்கு ஒன்று ஜெயித்தது. முதுகில் பேர் பளிச்சென்று இருந்ததாம்.

ஜூன் 9, திங்கள்

ஜூடி கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேனா இல்லையா.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். அந்தத் திரையில் எழுதுவது ஒரே ஒரு ஒளிக் கதிர். அதற்குக் கை கால் கிடையாது, இரண்டு மின்சாரம் அதை இழுக்கின்றன. ஒன்று பக்கவாட்டில், ஒன்று மேலும் கீழும். ஒரு எழுத்து என்பது சில புள்ளிகள். சிப்பு ஒவ்வொரு புள்ளிக்கும் 'இவ்வளவு பக்கம், இவ்வளவு மேலே' என்று சின்னச் சின்னதாகச் சொல்கிறது. அதோடு இன்னொரு பகுதி 'இது மூன்றாவது எழுத்து, இவ்வளவு தள்ளி நில்' என்று பெரிய மின்சாரம் ஒன்றைக் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் எழுத்து தன் இடத்தில் விழும். ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கதிரை அணைத்துவிடும். நான் ஊசியைத் தூக்குகிற மாதிரி.

அவள் பட்டனைத் திருகிப் பார்த்தாளாம். திருகத் திருக முடிச்சின் உருவம் மாறியதாம். அப்படியென்றால் சிப்பு வேறு வேறு எழுத்தை ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. முடிச்சு ஒன்றாக இல்லாமல் மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டாக இருப்பதால் வரி மாற்றுகிற தள்ளலும் வேலை செய்கிறது. கோடு முழு அகலத்துக்கு ஓடுவதால் கதிரைப் பக்கவாட்டில் இழுக்கிற பெரிய பகுதியும் நன்றாக இருக்கிறது. மிச்சம் ஒன்றுதான். எழுத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிற சின்னப் பகுதி. அதைத் திறந்து தேடினால் மிளகளவு சாமான் ஒன்று உள்ளே விரிசல் விட்டிருந்தது.

நாளைக்கு மாற்றப் போகிறாள். சிப்பு போய்விட்டது என்று சொன்னவர்கள் வாயில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்ற வேண்டும். வேண்டாம், பூசைக்குப் போய் வந்தவள் நான்.

ஜூன் 11, புதன்

வஞ்சிரம் குழம்பு எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் பட்டறைக்குப் போனேன். காசிமேடு தாண்டியதும் கன்டெய்னர் லாரி வரிசை. போய்ச் சேர மூன்று மணி. வெயில் கதவு வழியாக ஜூடியின் மேஜை வரைக்கும் வந்திருந்தது.

பார்த்தேன். மேலே சி, எச், ஒன்று, பிறகு இரண்டு, வி. கீழே ஐந்து, எம், எஸ். எட்டு எழுத்தும் அதது இடத்தில். நான் தைத்தாலும் இதைவிட ஒழுங்காக இடம் விட முடியாது. அண்ணாச்சி எதிரிலேயே சொன்னேன். "பரவால்ல, கைக்காரிதான்" என்றார் அவர்.

போனில் படம் எடுத்தேன். பட்டனை அழுத்தினது அழுத்தினபடி விட்டேன் போல, டர்ரென்று சத்தம் வந்தது. கண்ணாடி கொண்டுபோகவில்லை, மெஷினில் தெரிந்த அளவு போனில் தெரியவில்லை. வந்ததில் முதல் படத்தைக் குடும்ப குரூப்பில் போட்டு, 'நம்ம ஜூடி ரிப்பேர் பண்ண மெஷின்' என்று பேசியும் அனுப்பினேன். ராத்திரிக்குள் இருபத்திரண்டு இதயம். ஜெரி அதைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தான்.

ஜூன் 13, வெள்ளி

ஜூடி வந்து பையைக் கூடக் கழற்றாமல் நின்றாள். "யாரு ஆயா போடச் சொன்னது?" என்றாள். மீதியை அவளே சொன்னாள்.

ஜெரியின் ஸ்டேட்டஸை வல்லரசு பார்த்திருக்கிறான். நல்லெண்ணத்தில்தான், 'நம்ம மெஷின் ரெடி' என்று தன் ஆபீசரிடம் காட்டியிருக்கிறான். ஆபீசர் விரலால் பெரிசாக்கிப் பார்த்திருக்கிறார். படத்தில் பாதி எழுத்து இல்லை. எச் இல்லை, ஒன்று இல்லை, கீழே ஐந்து இல்லை. உடனே அண்ணாச்சிக்குப் போன். "பாதி வேலைய முடிச்சிட்டு விளம்பரமா?" என்று கேட்டாராம்.

அண்ணாச்சி தன் போனில் எடுத்துப் பார்த்தார். அதிலும் பாதி இல்லை. ஜூடி, கண்ணால் பாருங்கள், எல்லாம் இருக்கிறதே என்றாள். "கண்ணு ஏமாறும். கேமரா எப்படி ஏமாறும்?" என்று அலமாரியில் இருந்த புது ஸ்கோப்பை ஓடவிட்டு அதையும் எடுத்தார். அதில் எல்லா எழுத்தும் முழுசாக விழுந்தது. ஜூடி லைட்டை அணைத்து இருட்டில் எடுத்துக் காட்டினாள், பழைய பெட்டியிலும் முழுசாக விழுந்தது. "வெளிச்சத்துல நிக்காதது சரக்கா? இருட்டுல எடுத்து யாருக்குக் காட்டுதே?" என்றுவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து கவுண்டர். செவ்வாய்க்கிழமை பெட்டி திரும்பிப் போகிறது.

நான் இன்னா பண்ணிட்டேன். பெருமைக்குப் போட்டேன், வேற இன்னாத்துக்கு. கண்ணாடி போட்டுப் பாத்துட்டுப் போட்டா இன்னா கொறஞ்சிடும்?

ஜூன் 14, சனி

காலையில் நானே மாடிக்குப் போனேன். "தப்பு என்னுது. இப்ப சொல்லு, படத்துல ஏன் வுழல? மெஷின் சரியா இல்லியா?"

"மெஷின் சரியாதான் கீது ஆயா."

"அப்ப?"

சொன்னாள். கதிர் ஒன்றுதானே. அது சி எழுதும், பிறகு எச், பிறகு ஒன்று. எல்லா எழுத்தையும் எழுதிவிட்டு ஓடிப்போய்க் கோட்டையும் வரையும். மறுபடி முதலிலிருந்து. ஒரு விநாடிக்கு ஐம்பது அறுபது சுற்று. எழுதிய வெளிச்சம் உடனே மங்கிவிடும், மங்குவதற்குள் மறுபடி வந்து எழுதும். நம் கண் பார்த்ததைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் எல்லாம் சேர்ந்து தெரிகிறது. கேமரா அந்த வெயிலில் இமைப்பதை விடச் சீக்கிரம் திறந்து மூடிவிடுகிறது. அந்த நொடித்துண்டில் கதிர் எதை எழுதிக்கொண்டிருந்ததோ அது மட்டும் விழும். இருட்டில் கேமரா நிறைய நேரம் திறந்திருக்கும், சுற்று முழுக்க விழும். புது ஸ்கோப் அப்படி எழுதுவதில்லை, அதன் திரை முழுக்க எப்போதும் எரிந்தபடியே இருக்கும்.

தைத்த நூல் தைத்தவுடன் அழிந்துபோகிற துணி. அதனால் நிற்காமல் தைத்துக்கொண்டே இருக்கிறது. அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

"இத்த அண்ணாச்சிகிட்ட சொல்லலியா?"

"சொன்னேன் ஆயா. சாக்கு சொல்றேன்னுட்டாரு."

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து வந்து ஜெரி என் போனை வாங்கினான். இடம் இல்லை என்று அது இரண்டு நாளாகக் கத்திக்கொண்டிருந்தது.

"இன்னா ஆயா இது, ஒரே படத்த முப்பது தபா எடுத்து வெச்சிகினு கீற. அழிச்சிடறேன்."

"எந்தப் படம்?"

ஸ்கோப் படம்தான். நான் டர்ரென்று அழுத்தியது. முப்பத்திரண்டு. அவன் விரல் குப்பைத்தொட்டி மேல் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைப் பிடுங்கினேன்.

ஒரே படம் இல்லை. முதலாவதில் எச் இல்லை. மூன்றாவதில் எச் இருக்கிறது, வி இல்லை. ஏழாவதில் மேல் வரி முழுக்க இருக்கிறது, கீழே எம் பாதி. எட்டாவதில் கீழ் வரி முழுக்க இருக்கிறது, மேலே சி மட்டும்.

இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் எட்டு எழுத்தையும் எழுதி, ஒவ்வொரு படத்துக்கும் எது விழுந்ததோ அதன் கீழே ஒரு கோடு போட்டேன். ஜெரி படித்தான், நான் போட்டேன். சாப்பாடு ஆறிப்போனது. எட்டு எழுத்தில் எல்லா எழுத்துக்கும் பத்துக் கோட்டுக்கு மேல் வந்தது. விழாத எழுத்து என்று ஒன்று இல்லவே இல்லை. கெட்டுப்போன எழுத்தாக இருந்தால் முப்பத்திரண்டில் ஒன்றில் கூட விழுந்திருக்கக் கூடாது அல்லவா?

ஜூடியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கோடுகளை மேலிருந்து கீழே பார்த்தாள், மறுபடி பார்த்தாள். "ஆயா, இத்த நான்தான் பண்ணி இருக்கணும்" என்றாள்.

"நான் பண்ணா இன்னா, நீ பண்ணா இன்னா. நாளைக்குக் கவுண்டர்ல ஒக்காரு, நான் வரேன்."

ஜூன் 16, திங்கள்

கண்ணாடி, போன், டைரி. மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். ஜூடி கவுண்டரில் டோக்கன் கட்டோடு இருந்தாள். என்னைப் பார்க்காத மாதிரி டோக்கன் எழுதினாள்.

"என்னம்மா, பேத்திக்கு வக்காலத்தா?" என்றார் அண்ணாச்சி.

"மன்னிப்புக் கேக்க வந்தேன் அண்ணாச்சி. உங்க பட்டறை படத்த உங்களக் கேக்காம வெளிய போட்டது நான். அது தப்பு. இனிமே போட மாட்டேன்."

"சரி, போகட்டும். வெயில்ல வந்திருக்கிய, மோர் குடிங்க."

"அந்தப் படத்துக்குக் கூடப் பொறந்தது முப்பத்தொண்ணு கீது. அத்தயும் பாத்துட்டு மோர் குடிக்கறேன்."

சிரித்தார். ஆனால் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். நான்காவது படம் வரை "அதான் பாதி இல்லையே" என்றுகொண்டிருந்தார். பிறகு போனை வாங்கித் தானே தள்ளிப் பார்த்தார். டைரியின் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"அப்போ எழுத்து எல்லாம் இருக்கு. ஒரே நேரத்துல இல்ல."

"அதத்தான் உங்க கவுண்டர்ல ஒக்காந்துகினு கீற பொண்ணு வெள்ளிக்கிழம சொன்னா."

எழுந்து போய்ப் பழைய பெட்டியை அவரே ஓடவிட்டார். வெயிலில், கதவு திறந்தபடி. தன் போனை நீட்டி, "எப்படி அமுக்கினிய?" என்று கேட்டார். விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருங்கள் என்றேன். டர்ரென்றது. பார்த்தார். மறுபடி எடுத்தார். பிறகு புது ஸ்கோப்பை அதே மாதிரி. அதில் எல்லாப் படமும் ஒரே படம்.

"ஜூடி" என்று கூப்பிட்டார். அவள் வந்தாள். "அந்த ஆபீசருக்கு நீ போன் போடு. எனக்குச் சொன்னத அப்படியே சொல்லு. இந்தப் படத்த எல்லாம் அனுப்பு. நாளைக்கு வண்டி போகாது, அவரு வந்து கண்ணால பாத்துட்டுப் பொறவு பேசட்டும்."

நல்ல மோர். கொஞ்சம் உப்பு அதிகம்.

ஜூன் 18, புதன்

ஆபீசர் வரவில்லை. வேலையாம். ஜூடி கவுண்டரில்.

ஜூன் 21, சனி

இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் சொன்னார், "நீ போய் இஸ்துகினு வா சிலுவை." போயிருப்பேன். ஜூடி வேண்டாம் என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

வந்தார். வல்லரசுதான் பைக்கில் கூட்டிக்கொண்டு வந்தானாம். ஜூடி சொன்னதை எழுதுகிறேன். ஆபீசர் திரையை ஒரு நிமிஷம் பார்த்தார். தன் போனில் எடுத்தார், பாதி. கையை விரித்துத் திரைக்கும் முகத்துக்கும் நடுவில் விரல்களை வேகமாக ஆட்டிப் பார்த்தார். எழுத்து துண்டு துண்டாக மின்னியது. அதன் பிறகு அவரே சிரித்துவிட்டார். "இருபது வருஷமா பசங்களுக்கு இத வெச்சுப் பாடம் நடத்தறோம். இதையே பாடமா நடத்தி இருக்கலாம்" என்றாராம்.

அண்ணாச்சி, "எங்க பொண்ணுதான் நேராக்கிச்சு" என்றாராம். எங்க பொண்ணு. பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரந்தரம் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஜூடியும் கேட்கவில்லை. நான் கேட்டிருப்பேன்.

ஜூலை 1, செவ்வாய்

பதினொரு பெட்டி மினி லாரியில் வந்து இறங்கிவிட்டன. வல்லரசே தோளில் சுமந்து வைத்தானாம். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் சட்டம் வாங்கி அண்ணாச்சி ஜூடியின் மேஜைக்கு மேலே ஒரு தட்டு அடித்துக் கொடுத்திருக்கிறார். கவுண்டரில் டோக்கன் எழுதுவதற்கு யாரோ ஒரு பையனை எடுத்துவிட்டாராம்.

இதற்கு மேல் நிரந்தரம் என்று வாயால் சொல்ல வேண்டுமா என்ன?

ஜூலை 7, திங்கள்

ஜூடி ஏழாவது பெட்டியில் இருக்கிறாள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு கோளாறாம். ஒன்றில் எழுத்து எல்லாம் கீழ்நோக்கிச் சரிகிறது, ஒன்றில் கதிர் அணையாமல் எழுத்துக்கு நடுவில் வால் வாலாக ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கத்தான் நேரம்.

குரூப்பில் ஜெரியின் கிரேன் படம் வந்தது, கரோலின் நர்ஸ் கேப் வைத்துக்கொண்டு நிற்கிற படம் வந்தது. இவளுடையது மட்டும் வரவில்லை. பட்டறைப் படத்தை நான் போடக் கூடாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் அண்ணாச்சிக்கே போன் போட்டுக் கேட்டேன். "போடச் சொல்லுங்கம்மா, எனக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

மத்தியானம் ஜூடிக்குப் பேசி அனுப்பினேன்: "கண்ணு, அண்ணாச்சி சரின்னுட்டாரு. குரூப்புல புதுசா ஒரு போட்டோ போடு. மெஷினும் இருக்கணும், நீயும் இருக்கணும்."

"வெளிச்சத்துல எழுத்து பாதிதான் வுழும் ஆயா. எல்லாரும் மறுபடி கேப்பாங்க."

"கேக்கட்டும், நான் சொல்லிக்கறேன். எழுத்து பாதி வுழுந்தா போதும். நீ முழுசா வுழணும்."